ரவுடிக்கு முதல் போட்ட கனவான்கள்

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சண்டை. சாம்பாரில் ஆரம்பித்து எப்படியோ ஹிட்லரில் வந்து நின்றது. (எங்கள் மெஸ்ஸில் எந்தச் சண்டையும் கடைசியில் ஹிட்லரிடம்தான் போய் நிற்கும். சாம்பாரும் அப்படி.) முதல் நாள் இரவு ஒரு டாகுமெண்டரி பார்த்திருந்தோம். ஹிட்லர் தன் சொந்தக் கூட்டாளி எர்ன்ஸ்ட் ரோமைச் சுட்டுக் கொன்ற கதை.

ரூம்மேட் சொன்னான்: "விடு மச்சி. திருடனைத் திருடன் போட்டான். நமக்கென்ன?"

வரலாறு முதுகலை படிக்கிற சீனியர் ஒருவர் அதற்கும் மேலே போனார்: "நாஜிங்க எல்லாம் தெருப்பொறுக்கிங்க தம்பி. படிச்சவன், ஆபீசர், ஜட்ஜ் எல்லாம் பாவம், பயந்து ஒதுங்கி நின்னாங்க."

நான் வாயைத் திறந்தேன். "நீ பி.காம்தானே, உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு நல்ல கடுப்பு.

சரிங்க. பி.காம்காரனாகவே பேசுகிறேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு கடை நொடித்துப் போனால் கல்லாவில் உட்கார்ந்திருந்தவனை மட்டும் பிடிக்காதே. முதல் போட்டது யார், கடன் கொடுத்தது யார், கணக்கில் கையெழுத்துப் போட்டது யார் என்று பேரேட்டைத் திற. ரோமின் பேரேட்டைத் திறந்து பார்த்தேன். அதில் தெருப்பொறுக்கிகளின் கையெழுத்தைவிட கனவான்களின் கையெழுத்துதான் அதிகம் இருக்கிறது.

(முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோம் என்றால் இத்தாலியின் தலைநகரம் இல்லை. ஆளின் பெயரே அப்படி.)

ஆள் யார்?

பிறந்தது 1887 நவம்பர் 28, மியூனிக். அப்பா ரயில்வே அதிகாரி. சேரியில் பிறந்து, சோற்றுக்கு இல்லாமல், கத்தி எடுத்த கதை இல்லை இது. 1906இல் பவேரிய ராணுவத்தில் சேர்ந்தான். 1908இல் அதிகாரி. முதல் உலகப் போரில் 1914 செப்டம்பரில் முகத்தில் அடி. மூக்கு உடைந்து கன்னத்தில் பெரிய தழும்பு. எந்தப் புகைப்படத்தைப் பார்த்தாலும் அந்தத் தழும்புதான் முதலில் தெரியும். 1916இல் வெர்டூனில் நெஞ்சில் காயம். இரும்புச் சிலுவை முதல் வகுப்புப் பதக்கம். 1917இல் கேப்டன்.

அதாவது முதல் பக்கத்திலேயே சீனியரின் கதை அடிவாங்குகிறது. "படித்த ஆபீசர்" ஒரு பக்கம், "தெருப்பொறுக்கி" இன்னொரு பக்கம் என்று கோடு போட்டால், ரோம் எந்தப் பக்கம்? ராணுவமே வளர்த்து, பதக்கம் குத்தி, சம்பளம் கொடுத்த ஆள் அவன்.

முதல் போட்டது ராணுவம்

போர் முடிந்தது, ஜெர்மனி தோற்றது. 1919இல் ரோம், எப் என்கிற ராணுவ அதிகாரியின் தனிப்படையில் சேர்ந்து, மியூனிக்கில் அப்போது இருந்த சோவியத் குடியரசை நசுக்கப் போனான். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். பிறகு மறுபடி ராணுவ அலுவலகம், அதே எப்பிடம்.

வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி 1,00,000 வீரர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயுதத்துக்கும் கட்டுப்பாடு. மிச்சத் துப்பாக்கிகளை என்ன செய்வது? வெற்றி பெற்ற நாடுகளின் கண்ணில் படாமல் மறைத்து வைப்பது. யாருக்குத் தேவையோ, அதாவது யார் இடதுசாரிகளை அடிப்பார்களோ, அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. இந்தக் கிடங்குக்குப் பொறுப்பாளன் கேப்டன் ரோம். அந்த வட்டாரத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் பவேரியாவின் இயந்திரத் துப்பாக்கி ராஜா.

எங்கள் பாஷையில் சொன்னால், கணக்கில் காட்டாத சரக்கு இருப்பு. ஒரு நாட்டின் ராணுவமே கறுப்புக் கணக்கு வைத்திருந்தது. அதற்கு ஸ்டோர் கீப்பர் இவன்.

ஹிட்லரின் குட்டிக் கட்சிக்கு ரோம் வந்தது இந்தச் சாவிக்கொத்தோடுதான். கட்சிக்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்றார்கள். 1920 டிசம்பரில் 'ஃபோல்கிஷர் பியோபாக்டர்' என்ற பத்திரிகையை வாங்கினார்கள். அதற்கு 60,000 மார்க் எப் வழியாக வந்தது. எப்பின் சொந்தப் பணமா? இல்லை. ராணுவத்தின் ரகசிய நிதி. நாஜிக் கட்சியின் ஊதுகுழலுக்கு வரிகட்டிய ஜெர்மன் குடிமகனின் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது எந்த ரவுடி? பயந்து ஒதுங்கி நின்றவர்கள் இப்படித்தான் காசோலை எழுதுவார்களா?

1921இல் கட்சியின் அடியாள் படைக்கு எஸ்.ஏ. என்று பெயர் வந்தது. தமிழில் தாக்குதல் படை என்று வைத்துக்கொள்ளலாம். முன்னாள் சிப்பாய்களை அதற்குள் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமானவன் ரோம். இதையெல்லாம் அவன் செய்தது ராணுவச் சம்பளத்தில் இருந்துகொண்டு.

தள்ளுபடி கொடுத்தது கோர்ட்

1923 நவம்பர் 8, 9. மியூனிக்கில் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்த கதை பலருக்குத் தெரியும். அன்று ராணுவத் தலைமையகக் கட்டடத்தை ஆட்களோடு போய்ப் பிடித்து உட்கார்ந்தது ரோம். (அங்கே கொடி பிடித்து நின்ற கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் உண்டு. ஹிம்லர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) முயற்சி தோற்றது. நான்கு போலீஸ்காரர்கள் செத்தார்கள்.

ராஜத்துரோகம். நான்கு போலீஸ் உயிர். தண்டனை என்ன? 1924 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு. ஹிட்லருக்கு 5 வருடம். அதுவும் டிசம்பர் 20 அன்றே வெளியே வந்துவிட்டான். ரோமுக்கு 15 மாதம், ஆனால் நன்னடத்தை பேரில் அப்போதே விடுதலை. அடுத்த மாதமே தேர்தலில் நின்று நாடாளுமன்ற உறுப்பினர்!

நீதிபதி நைட்ஹார்ட் தெருப்பொறுக்கியா? சட்டம் படித்தவர். பவேரியாவின் நீதி அமைச்சர் அப்போது ஃப்ரான்ஸ் குர்ட்னர். அவரும் சட்டம் படித்தவர், நாஜிக் கட்சிக்காரர் அல்ல. இந்த குர்ட்னர் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வருவார்.

நடுவில் சில வருடம்

இந்த இடத்தை வேகமாகத் தாண்டலாம். 1925இல் ஹிட்லரோடு சண்டை. எஸ்.ஏ. கட்சிக்கு அடங்கி நடக்க வேண்டும் என்றான் ஹிட்லர். தனி ராணுவமாக இருக்க வேண்டும் என்றான் ரோம். கோபித்துக்கொண்டு விலகினான். கிடைத்த வேலை பார்த்தான். 1928இல் ஒரு சுயசரிதை எழுதினான். தலைப்பிலேயே தன்னை ராஜத்துரோகி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான். அந்த வருடமே பொலிவியா போய் அந்த நாட்டு ராணுவத்துக்கு ஆலோசகன் ஆனான்.

இங்கே எஸ்.ஏ.வுக்குள் கலகம். சம்பளம் இல்லை, பதவி இல்லை என்று பெர்லின் ஆட்கள் எதிர்த்து நின்றார்கள். ஹிட்லர் பொலிவியாவிலிருந்து ரோமைத் திரும்ப அழைத்தான். 1931 ஜனவரியில் ரோம் எஸ்.ஏ.வின் தலைமைத் தளபதி.

கம்பெனி வளர்ந்த கதை

1931 தொடக்கத்தில் எஸ்.ஏ.வில் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. 1933 ஜனவரியில் நான்கு லட்சத்துக்கும் மேல். 1934இல் சுமார் 30 லட்சம். முறையான ராணுவம் 1 லட்சம். முப்பது மடங்கு!

எப்படி இவ்வளவு கூட்டம்? 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். எஸ்.ஏ. விடுதிகளில் படுக்க இடம், சூடாகச் சூப்பு, ஒரு பழுப்புச் சட்டை, அடிக்க ஒரு எதிரி. என் வயதுப் பையன்கள்தான் பெரும்பாலும். அவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. டிகிரி முடித்து வேலை இல்லாமல் சுற்றினால் எவன் சட்டை கொடுத்தாலும் போட்டுக்கொள்ளத் தோன்றுமோ என்னவோ. ஆனால் சட்டை போட்டதோடு நிறுத்திக்கொண்டார்களா? இல்லையே.

காமர்ஸ்காரன் என்பதால் ஒரு தகவலை விட மனமில்லை. டிரெஸ்டன் நகரில் ஒரு சிகரெட் கம்பெனி. 'டிரம்லர்', 'ஸ்டுர்ம்' என்று பிராண்டுகள். எஸ்.ஏ.காரன் அந்த சிகரெட்டைத்தான் பிடிக்க வேண்டும். விற்பனையில் ஒரு பங்கு எஸ்.ஏ.வுக்கு. வேறு பிராண்டு விற்கிற கடைகள் அடிவாங்கிய கதைகளும் உண்டு. மார்க்கெட்டிங் வகுப்பில் இதையெல்லாம் சொல்லித்தர மாட்டார்கள்.

"அவங்க என்ன பண்ணியிருக்க முடியும்?"

இதுதான் சீனியரின் முக்கியமான கேள்வி. இதற்கு 1932ஆம் வருடமே பதில் சொல்கிறது.

1932 ஏப்ரல் 13. க்ரோனர் என்கிற அமைச்சர், அவரும் பழைய ராணுவத் தளபதிதான், எஸ்.ஏ.வை நாடு முழுக்கத் தடை செய்தார். என்ன ஆனது? உள்நாட்டுப் போர் வெடித்ததா? இல்லை. எஸ்.ஏ. விடுதிகளை மூடினார்கள். ரோம் ஆட்களைச் சட்டையைக் கழற்றச் சொன்னான். நாலு லட்சம் பேர் கொண்ட படை ஒரு அரசாணைக்கு அடங்கிப் போனது!

அப்படியானால் அரசால் முடியும். முடிந்தது. பிறகு ஏன் நிற்கவில்லை? ஷ்லைஷர் என்ற தளபதி, க்ரோனரின் சொந்தச் சீடர், குருவின் காலை வாரிவிட்டு ஹிட்லரோடு ரகசியமாகப் பேரம் பேசினார். தடையை எடுக்கிறோம், எங்கள் புது அரசைக் கவிழ்க்காதே என்று. ஜூன் மாதம் பாப்பன் அரசு தடையை நீக்கியது. ஜூலை 17 அன்று ஆல்டோனாவில் எஸ்.ஏ. ஊர்வலம். அன்று ஒரே நாளில் 18 பேர் சாவு. அதிலும் பலர் போலீஸ் குண்டில்.

அடுத்த மாதம் போடெம்பா என்ற கிராமம். எஸ்.ஏ.காரர்கள் நள்ளிரவில் பியெட்சுக் என்கிற தொழிலாளியின் வீட்டுக்குள் புகுந்து, தாயின் கண் முன்னால் அடித்தே கொன்றார்கள். கோர்ட் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஆக, சட்டம் வேண்டுமென்றால் வேலை செய்யும்! ஆனால் ஹிட்லர் அந்தக் கொலைகாரர்களுக்கு ஆதரவாகப் பகிரங்கமாகத் தந்தி அடித்தான். பாப்பன் அரசு மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 1933 மார்ச்சில் ஐவரும் வெளியே.

பயந்தவர்கள் தடையை எடுக்க ரகசியப் பேரம் பேச மாட்டார்கள். கணக்குப் போட்டவர்கள்தான் பேசுவார்கள். இந்த முரட்டுக் கூட்டத்தை நாம் வைத்து வேலை வாங்கலாம், வேலை முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்பதுதான் அந்தக் கணக்கு.

1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் பேதமே போய்விட்டது. பிரஷ்யாவில் கோரிங் எஸ்.ஏ., எஸ்.எஸ். ஆட்களில் இருந்து 50,000 பேரைத் துணைப் போலீஸ் ஆக்கினான். நேற்று அடித்தவன் கையில் இன்று அரசாங்கப் பட்டை. ஒரானியன்பர்க் போன்ற ஆரம்பகால வதை முகாம்களை நடத்தியது எஸ்.ஏ. ஏப்ரல் 1 அன்று யூதர் கடைகளின் வாசலில் நின்று மறித்தது எஸ்.ஏ. ஜூனில் பெர்லினின் கோபெனிக் பகுதியில் சுமார் 500 பேரைப் பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இவ்வளவுக்கும் தலைவன் ரோம். டிசம்பரில் அவனுக்கு மந்திரி பதவி வேறு.

ரோமுக்கு வக்காலத்து வாங்குபவர்களுக்கு

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. ரோம் உண்மையான சோஷலிஸ்ட், ஏழைகளுக்காக இரண்டாவது புரட்சி கேட்டான், அதனால் முதலாளிகள் கொன்றுவிட்டார்கள் என்பார்கள். அய்யா சாமி! அவன் கேட்ட இரண்டாவது புரட்சியில் ஏழைக்கு என்ன இருந்தது? அவன் கேட்டது ராணுவத்தை. 1934 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் பிளோம்பெர்க்குக்கு எழுதிய குறிப்பில் அவன் கேட்டது, நாட்டின் பாதுகாப்பு எஸ்.ஏ.வின் வேலை, ராணுவம் பயிற்சி மட்டும் கொடுக்கட்டும் என்பதைத்தான். கூலி உயர்வு கேட்டானா? தொழிற்சங்கங்களை 1933 மே 2 அன்று புகுந்து மூடியதே அவன் ஆட்கள்தான்.

வேறொரு கோஷ்டி, அவன் ஓரினச்சேர்க்கையாளன், அதனால்தான் கொன்றார்கள் என்று சொல்லும். இதுவும் ஹிட்லரின் பொய்தான், நாம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம். 1932 மார்ச்சிலேயே ரோமின் அந்தரங்கக் கடிதங்கள் அச்சாகி நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹிட்லர் அவனை நீக்கவில்லை. 1934 புத்தாண்டுக்கு நன்றிக் கடிதம் எழுதினான். ஆறே மாதத்தில் திடீரென்று ஒழுக்கம் ஞாபகம் வந்துவிட்டதாம். அந்தப் பொய்க்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 1935இல் 175ஆம் சட்டப்பிரிவை இறுக்கினார்கள். ஹிட்லர் ஆட்சியில் அந்தப் பிரிவில் தண்டனை பெற்றவர்கள் சுமார் 50,000 பேர். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். ரோமைத் திட்ட ஆயிரம் காரணம் இருக்கும்போது அவன் படுக்கையறையை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

1934 ஜூன் 30

ராணுவத் தளபதிகளுக்கு ரோம் மேல் ஏன் கோபம்? அவன் ஆட்களை அடித்தான் என்றா? இல்லை. முகாம் நடத்தினான் என்றா? இல்லவே இல்லை. தங்கள் நாற்காலியைக் கேட்டான் என்று.

ஹிட்லரைத் தங்கள் பக்கம் இழுக்க பிளோம்பெர்க் என்ன செய்தார் தெரியுமா? 1934 பிப்ரவரியில், யாரும் கட்டாயப்படுத்தாமல், ராணுவச் சீருடையில் ஸ்வஸ்திகா சின்னத்தைச் சேர்த்தார். யூத வம்சாவளியினர் ராணுவத்தில் இருக்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தார். சுமார் 70 வீரர்கள் வெளியே போனார்கள். ரோமை விட நாங்கள் நல்ல நாஜிகள் என்று டெண்டர் போட்டார்கள். எல் ஒன் இவர்கள்தான்.

ஜூன் 30 விடிகாலை ஹிட்லர் மியூனிக் வந்து, பாட் வீஸே என்ற ஏரிக்கரை ஊரில் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த ரோமைத் தானே போய்க் கைது செய்தான். ரோம் கலகம் செய்யப் போகிறான் என்று சொன்னார்கள். கலகம் செய்கிறவன் தன் படை முழுவதுக்கும் ஜூலை மாதம் லீவு கொடுத்துவிட்டா தூங்குவான்? சுட்டது எஸ்.எஸ். அவர்களுக்கு வண்டியும் ஆயுதமும் கொடுத்து உதவியது ராணுவம். பேச்சுவார்த்தை நடத்தியவர் ரைஷனாவ் என்ற தளபதி.

ஜூலை 1 அன்று ஷ்டாடெல்ஹைம் சிறைக்கு தாகாவ் முகாமின் தலைவன் ஐக்கேயும் லிப்பெர்ட் என்பவனும் போனார்கள். ஒரு கைத்துப்பாக்கியை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ரோம் எடுக்கவில்லை. இவர்களே சுட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் ரூம்மேட் சொன்னதுபோல் திருடனைத் திருடன் கொன்ற கதைதான். ஆனால் அந்த மூன்று நாளில் செத்தவர்களாகப் பெயரோடு தெரிந்தவர்கள் மட்டும் 85க்கும் மேல். முன்னாள் பிரதமரும் தளபதியுமான அதே ஷ்லைஷர், அவர் வீட்டிலேயே. அவர் மனைவி எலிசபெத்தும். தளபதி பிரெடோ. கத்தோலிக்க இயக்கத்தின் கிளாசனர். 71 வயதுக் கிழவர் கார். (1923இல் ஹிட்லர் பேச்சைக் கேட்கவில்லை என்ற பழைய கணக்கு.) வில்லி ஷ்மிட் என்கிற இசை விமர்சகர். அவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. வேறொரு ஷ்மிட் என்று நினைத்து வீட்டிலிருந்து கூட்டிப்போய்க் கொன்றார்கள்.

விசாரணை என்று ஒன்று இருப்பது கெட்டவனுக்குச் சலுகை கொடுக்க இல்லைங்க. இந்த வில்லி ஷ்மிட்டுக்காகத்தான். "நீ எந்த ஷ்மிட்?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்குத்தான்.

கணக்கில் கையெழுத்து

ஜூலை 1: பிளோம்பெர்க் ராணுவத்துக்கு ஆணை விட்டு ஹிட்லரைப் பாராட்டினார். தன் சொந்தத் தளபதிகள் இரண்டு பேரின் பிணம் கிடக்கும்போது!

ஜூலை 2: ஜனாதிபதி ஹிண்டன்பர்க் பெயரில் நன்றித் தந்தி.

ஜூலை 3: அமைச்சரவை ஒரு சட்டம் போட்டது. ஒரே ஒரு பிரிவு. ஜூன் 30, ஜூலை 1, 2 தேதிகளில் எடுத்த நடவடிக்கைகள் அரசின் தற்காப்பு என்ற முறையில் சட்டப்படி சரி. அவ்வளவுதான். கொலை நடந்த பிறகு கொலைக்கு ரசீது. கீழே கையெழுத்து: ஹிட்லர், உள்துறை அமைச்சர் ஃப்ரிக், நீதி அமைச்சர் குர்ட்னர். ஞாபகம் இருக்கிறதா? 1924இல் பவேரியாவில் நீதி அமைச்சராக இருந்தாரே, அதே குர்ட்னர். ரோம் சிறைக்குப் போகாமல் நடந்து வெளியே வந்த காலத்திலும் அவரே நீதி அமைச்சர், ரோம் விசாரணையில்லாமல் செத்தபோதும் அவரே.

ஜூலை 13: நாடாளுமன்றத்தில் ஹிட்லர், அந்த நேரத்தில் ஜெர்மன் மக்களின் உச்ச நீதிபதி நானே என்று பேசினான். கைதட்டல்.

ஆகஸ்ட் 1: கார்ல் ஷ்மிட் என்ற புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர், தலைவரே சட்டத்தைக் காக்கிறார் என்று சட்ட இதழில் கட்டுரை எழுதினார். இந்த ஷ்மிட்டும் படித்தவர்தான் சீனியர். உங்களையும் என்னையும் விட நிறைய.

பில் வந்தது

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்று எங்களுக்கு ஒரு பாடம். 1932ஆம் வருடச் சட்டம். அதில் 25ஆம் பிரிவு: பார்ட்னராக இருந்த காலத்தில் நிறுவனம் செய்த எல்லாக் காரியத்துக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. நான் கடைப்பக்கமே வரவில்லை, ஸ்லீப்பிங் பார்ட்னர் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஜெர்மன் ராணுவத்துக்கு அந்தப் பில் வந்தது. ஹிண்டன்பர்க் ஆகஸ்ட் 2 அன்று இறந்தார். அன்றே ராணுவம் முழுக்க, நாட்டுக்கு அல்ல, அரசியல் சட்டத்துக்கு அல்ல, அடால்ஃப் ஹிட்லர் என்ற தனி ஆளுக்குச் சத்தியம் செய்தது. அந்தச் சத்தியத்தை ஏற்பாடு செய்தவர் பிளோம்பெர்க். எஸ்.எஸ். ஜூலை 20 அன்றே எஸ்.ஏ.விலிருந்து பிரிந்து தனி அமைப்பு ஆனது. அதன் தலைவன், 1923இல் கொடி பிடித்த அந்த ஒல்லிப் பையன் ஹிம்லர். குடித்துவிட்டுக் கத்துகிற 30 லட்சம் பேர் போய், சத்தம் போடாமல் பட்டியல் போட்டுக் கொல்கிறவர்கள் வந்தார்கள். எது மோசம் என்று உலகம் பிறகு தெரிந்துகொண்டது. சில வருடத்தில் எஸ்.எஸ். தனக்கென்று ஆயுதப் படையே வைத்துக்கொண்டது. ரோமிடமிருந்து காப்பாற்றிய நாற்காலிக்குப் பக்கத்தில் ஹிம்லர் நாற்காலி போட்டான்.

1938இல் பிளோம்பெர்க்கையே மனைவியின் பழைய கதையைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ராணுவத்தின் தலைமைத் தளபதி ஃப்ரிட்ஷ் மேல் ஓரினச்சேர்க்கை என்று பொய்ப் புகார். அவரும் வெளியே. ரோமுக்குப் பயன்பட்ட அதே ஆயுதம், அதே கைகள். அன்று கைதட்டியவர்களுக்கு இன்று வாய் திறக்க வழியில்லை. ரைஷனாவ் 1941இல் கிழக்குப் போர்முனையில் யூதர்களுக்கு எதிரான கொடுமைகளை நியாயப்படுத்தி வீரர்களுக்கே ஆணை எழுதினார். ஒதுங்கி நின்றார்களாம்!

கடைசி வரவு செலவு இது. 1957இல் மியூனிக் கோர்ட்டில் லிப்பெர்ட்டையும், மற்ற எஸ்.ஏ. தலைவர்களைச் சுட்ட படைக்குத் தலைவனாக இருந்த செப் டீட்ரிஷையும் விசாரித்தார்கள். தண்டனை ஆளுக்கு 18 மாதம். 1924இல் ராஜத்துரோகத்துக்கு ரோமுக்கு 15 மாதம். முப்பத்து மூன்று வருடம் போயும் விலைவாசி பெரிதாக ஏறவில்லை.

கடைசியாக

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். நீங்களும் கவனித்திருக்கலாம். பதிவு முழுக்க ரோமை "அவன்" என்று எழுதியிருக்கிறேன். பிளோம்பெர்க்கையும் குர்ட்னரையும் ஷ்லைஷரையும் "அவர்". யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போகிறது. தழும்பு முகமும் பழுப்புச் சட்டையும் என்றால் அவன். கோட்டும் பதவியும் என்றால் அவர். சீனியரின் தப்பு இதுதான், என் தப்பும் இதுதான், அன்றைய ஜெர்மன்காரனின் தப்பும் இதுதான். திருத்தலாமா என்று பார்த்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், நீங்களும் பாருங்கள் என்று விட்டுவிட்டேன்.

ரோமுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. கோபெனிக்கில் செத்தவர்களுக்காக அவனைக் கூண்டில் ஏற்றி, சாட்சி வைத்து, ஊரறிய விசாரித்திருக்க வேண்டும். அப்படி விசாரித்திருந்தால் அவன் வாயைத் திறந்திருப்பான். துப்பாக்கி யார் கொடுத்தது, 60,000 மார்க் எங்கிருந்து வந்தது, தடையை எடுக்க யார் பேரம் பேசியது என்று பார்ட்னர்கள் பெயரெல்லாம் வெளியே வந்திருக்கும். அதனால்தான் கூண்டு இல்லை, குண்டு.

ரவுடி செத்தான் என்று கைதட்டுகிற இடத்தில், கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து எரிக்கிறார்கள். பி.காம் படிப்பவனுக்கு அது தெரியாதா என்ன?

பி.கு: சீனியர், இதைப் படித்தால் மெஸ்ஸுக்கு வாங்க. மறுபடி பேசலாம். சாம்பார் இன்றைக்கும் அதேதான்.